மின்காரை மாற்றப் போகிறேன். பழைய கடன் என்ன ஆகும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். இரு நிறுவனங்களின் பெயரையும் நானே எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் 740,000 ராண்டுக்கு ஒரு புதிய மின்கார் வாங்கினார். முன்பணம் 40,000. மீதி 700,000 ராண்டுக்கு வங்கிக் கடன். 72 மாதத் தவணை, முடிவில் 222,000 ராண்ட் பலூன் தொகை, அதாவது கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய பணம். மாதம் 11,350 கட்டுகிறார். முதல் இரண்டு ஆண்டுகள் குறையில்லை. அதன்பின் வீட்டில் சார்ஜ் ஏறுவது பாதியில் நின்றுபோகத் தொடங்கியது. ஏழு வாரம் பணிமனையில் கிடந்து, காருக்குள் இருக்கும் சார்ஜிங் கருவியை மாற்றித் திரும்பியது. அது நடந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. மறுபடியும் அதே கோளாறு. நிறுவனத்தின் தொலைபேசிச் செயலியும் அடிக்கடி வேலை செய்வதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மகளைப் பார்க்க மாதம் ஒருமுறை என்3 நெடுஞ்சாலையில் போகிறவர் இவர். “இந்தக் கம்பெனியே வேண்டாம்” என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

வேறு நிறுவனத்தின் ஷோரூமில் 540,000 ராண்டுக்கு ஒரு சீன மின்கார் பிடித்திருக்கிறது. பழைய காருக்கு அவர்கள் தரும் எக்ஸ்சேஞ்ச் விலை 340,000. வங்கிக்குக் கட்ட வேண்டியதோ 501,000. “இடைவெளியைப் புதிய கடனிலேயே சேர்த்துவிடலாம், தவணை 10,900தான் வரும், இப்போது கட்டுவதைவிடக் குறைவு” என்கிறார் விற்பனையாளர். கொழுந்தனார், “சாவியை வங்கியிடம் கொடுத்துவிடுங்கள் அண்ணி, கடன் தீர்ந்தது” என்கிறார். சக ஆசிரியரின் உறவினர் ஒருவர் 385,000 தர முன்வந்திருக்கிறார். கையில் சேமிப்பு 60,000. கணவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இதுதான் நிலவரம்.

சகோதரி, நீங்கள் கார் நிறுவனத்தை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்று, பழைய காரிலிருந்து சட்டப்படி சுத்தமாக வெளியே வருவது. மற்றது, புதிய காரை விழிப்புடன் வாங்குவது. ஷோரூம்காரர் இரண்டையும் ஒரே காகிதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அந்த 10,900. தவணை குறைந்ததால் மனம் லேசானதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 540,000 ராண்ட் காருக்கு உங்கள் தலையில் ஏறும் கடன் 701,000. அதில் 161,000 நீங்கள் இனி ஓட்டவே போகாத ஒரு காருக்கு. தவணை குறைந்ததற்குக் காரணம், கடனை மீண்டும் 72 மாதத்துக்கு நீட்டி, பலூனை 35 சதவீதமாக ஏற்றியது. நீங்கள் சொல்லும் 11 சதவீத வட்டியில் அந்த 161,000 மட்டும் ஆறு ஆண்டில் ஏறக்குறைய 76,000 ராண்ட் வட்டியை விழுங்கும். முடிவில் கட்ட வேண்டிய பலூன் 245,000-க்கு மேல். இந்தக் காரிலும் மூன்றாம் ஆண்டில் சலிப்பு வந்தால் இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும். புதிய மின்கார்களின் விலை இறங்கிக்கொண்டு வரும் சந்தையில் பழையவற்றின் மதிப்பும் கூடவே இறங்குகிறது என்பதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தவணை ஒப்பந்தத்தில் காரின் விலையோடு எதையெல்லாம் சேர்த்துக் கடனாக்கலாம் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் 102-ஆம் பிரிவில் பட்டியல் தருகிறது: தொடக்கக் கட்டணம், கூடுதல் வாரண்டி, பதிவுக் கட்டணம், வரி, காப்பீட்டுப் பிரீமியம் போன்றவை. பழைய காரின் பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சிலர் புதிய காரின் விலையையே விலைப்பட்டியலில் உயர்த்திக் காட்டி, பழைய காருக்கு அதிக விலை கொடுத்ததாகவும் எழுதிவிடுகிறார்கள். 540,000 ராண்ட் காருக்கு 701,000 என்று போட்ட காகிதம் உங்கள் முன் வந்தால் கையெழுத்திடாதீர்கள். நாளை காப்பீட்டுக் கோரிக்கையிலோ வழக்கிலோ அந்தப் பொய் விலைக்கு நீங்களும் உடந்தை என்று நிற்கும்.

சாவியைக் கொடுத்தால் கடன் தீருமா?

கொழுந்தனார் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்; ஆனால் சட்டம் அப்படி இல்லை. தேசியக் கடன் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து வண்டியை வங்கியிடம் ஒப்படைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து நடப்பதைக் கேளுங்கள். வங்கி பத்து வேலைநாளுக்குள் மதிப்பீட்டை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவணை பாக்கி இல்லாதவர் என்பதால், அதைப் பார்த்துவிட்டு மனம் மாறி வண்டியைத் திரும்பப் பெறவும் உங்களுக்குப் பத்து வேலைநாள் உண்டு. இல்லையென்றால் வங்கி விற்றுவிடும். பெரும்பாலும் ஏலம்தான், ஏலத்தில் 340,000-கூட வராது என்பது என் கணிப்பு. விற்ற தொகை போக மீதியை உங்களிடமே கேட்பார்கள், கட்டாவிட்டால் நீதிமன்றம். தவணை கட்ட முடியாமல் திணறுபவருக்கு இது ஒரு வழி. ஒழுங்காகக் கட்டிவரும் உங்களுக்கு இது நட்டம் மட்டுமே.

தவணை முடியும்வரை காரின் உரிமை வங்கியுடையது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த 385,000-க்கு விற்பதென்றால், வாங்குபவரின் பணம் நேரே வங்கிக்குப் போக வேண்டும். மீதி 116,000-ஐ அதே சமயம் நீங்கள் கட்டினால்தான் உரிமைப் பத்திரம் விடுபடும். உறவினருக்கு உறவினர் என்பதற்காகச் சாவியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

501,000 என்பது யார் சொன்ன தொகை? ஷோரூம்காரர் கணினியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியிடம் நீங்களே கேளுங்கள். கடனை முடிக்கும் தொகையை ஐந்து வேலைநாளில் அவர்கள் எழுதித் தர வேண்டும். தந்தபின் ஐந்து வேலைநாள் அந்தத் தொகை அவர்களைக் கட்டுப்படுத்தும். உங்களுடையது 250,000-க்கு மேற்பட்ட கடன். அந்த வகைக் கடனை முன்கூட்டியே முடித்தால் அதிகபட்சம் மூன்று மாத வட்டியைக் கட்டணமாக வாங்க வங்கிக்கு அனுமதி உண்டு. உங்கள் கணக்கில் அது சுமார் 14,000 ராண்ட். ஆனால் முடிக்கப் போவதாக மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டணம் இல்லை. ஒரு மின்னஞ்சல்தான். இதை ஷோரூமில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுக்கு இந்த மாதமே விற்றாக வேண்டும்.

பழுதை முடிக்காமல் காரை விட்டுவிடாதீர்கள்

“ஆறு மாத வாரண்டி எப்போதோ முடிந்தது, இனி என் பாடு” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதிய பொருளுக்குத் தரும் ஆறு மாத உரிமை உங்களுக்கு முடிந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும்போது பொருத்திய ஒவ்வொரு பாகத்துக்கும், பொருத்திய கூலிக்கும் தனியாக மூன்று மாத வாரண்டி தருகிறது. உங்கள் சார்ஜிங் கருவி மாற்றி ஐந்து வாரம்தான் ஆகிறது. ஆகவே பழைய காரை இன்றே பணிமனைக்கு எழுத்தில் புகார் கொடுத்து அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். தேதியுள்ள மின்னஞ்சல் வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை. வேறொரு வணிக வளாகத்தின் பொதுச் சார்ஜரில், வீட்டில் ஏற்றுவது போன்ற மெதுவான மின்னோட்டத்தில் இரண்டு மூன்று முறை ஏற்றிப் பாருங்கள். அங்கே நிற்காமல் ஏறினால் குறை பெரும்பாலும் காரில் இல்லை. உங்கள் வீட்டுச் சார்ஜரிலோ அதற்கு வரும் கம்பியிலோ இருக்கலாம். சார்ஜர் பொருத்தியவர் மின்பணிக்கான இணக்கச் சான்றிதழ் கொடுத்தாரா என்று தேடுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். தீ விபத்து என்று வந்தால் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் காகிதம் அது. குறை வீட்டில் இருந்தால், புதிய கார் வந்தாலும் அதே நாடகம்தான்.

வீட்டுச் சார்ஜரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய நிறுவனத்தினுடையதை 22,000-க்கு வாங்க வேண்டும் என்று சொன்னார்களாம். வேண்டியதில்லை. நம் நாட்டில் இப்போது விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவை வீட்டில் ஏற்ற ‘டைப் 2’, நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்ற ‘சிசிஎஸ் 2’ என்ற ஒரே வகை இணைப்புகளைக் கொண்டவை. நிசான் லீஃப் போல ‘சாடெமோ’ இணைப்புடன் வந்தவை விதிவிலக்கு. உங்கள் இரு கார்களுமே பொது வகையைச் சேர்ந்தவை. பழைய நிறுவனத்தின் செயலி இல்லாமல் போனால் நேரம் குறித்து ஏற்றும் வசதி போகலாம், மின்சாரம் போகாது.

பைன்டவுனில் தனியார் பணிமனையில் பிரேக் வேலை பார்த்ததால் வாரண்டி செத்துவிட்டது என்று பயப்படுகிறீர்கள். போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. வாரண்டிக் காலத்திலும் நீங்கள் விரும்பும் பணிமனைக்குப் போகலாம், அதை மட்டும் காரணம் காட்டி வாரண்டியை ரத்துசெய்யக் கூடாது என்பது அவற்றின் சாரம். இவை வழிகாட்டு நெறிகள்தான், சட்டப் பிரிவு அல்ல. அந்தப் பணிமனை செய்த வேலையாலேயே ஏதாவது கெட்டுப்போனால் அந்தப் பழுதுக்கான கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். பிரேக் வேலைக்கும் சார்ஜிங் கருவிக்கும் என்ன தொடர்பு என்று அவர்களை எழுத்தில் விளக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி 82 சதவீதத்துக்கு இறங்கியதை வைத்து வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். மின்கார் பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பொறுப்பு. உங்கள் கையேட்டில் உள்ள வரியைப் படித்துப் பாருங்கள். 82 என்பது உங்களுக்கு எரிச்சல், சட்டத்துக்கு அது குறைபாடு இல்லை. உண்மையில் அந்த எண் விற்கும்போது உதவும்: பேட்டரி நிலை அறிக்கையை எழுத்தில் வாங்கி, சார்ஜிங் பழுதையும் சரிசெய்து வைத்தால், எக்ஸ்சேஞ்ச் விலையே ஏற வாய்ப்புண்டு. பழுதான காருக்கு 340,000 சொன்னவர், பழுதில்லாத காருக்கும் அதையே சொன்னால் நீங்கள் வேறு ஷோரூம் பார்க்கலாம்.

பழுதை மறைத்து விற்றுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தனியாருக்கு விற்கும்போது ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி என்ற வரி இன்றும் செல்லும். தெரிந்த பழுதை ஏமாற்றும் நோக்கில் மறைத்தவரை அந்த வரி காப்பாற்றாது. சக ஆசிரியரை ஓய்வறையில் தினமும் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

பணிமனை இழுத்தடித்தால் மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை; ஆனால் முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் வாய்ப்புக் கொடுத்ததைக் காட்ட வேண்டும். மேலே மின்னஞ்சல் மின்னஞ்சல் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

புதிய காரை வாங்கும்போது

சீன நிறுவனம் நாளை கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் யாரைக் கேட்பது என்ற பயம் நியாயமானது. புதிய காருக்கான ஆறு மாத உரிமையில் இறக்குமதியாளர், விநியோகஸ்தர், விற்பனையாளர் எல்லாரையும் சட்டம் தனித்தனியே பொறுப்பாக்குகிறது. “சீனாவுக்கு எழுதிக் கேட்கிறோம்” என்ற பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அந்த ஆறு மாதத்தில் உண்மையான குறைபாடு வந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வு செய்பவர் நீங்கள். பழுதுபார்க்கச் சம்மதித்து, மூன்று மாதத்துக்குள் அதே கோளாறோ புதிதாக ஒன்றோ வந்தால், மாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் உங்களைக் காப்பது நிறுவனத்தின் வாரண்டியும் உதிரிபாகக் கிடங்கும் மட்டுமே. ஆகவே உயர்மின்னழுத்த வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் டர்பனில் எந்தப் பணிமனையில் இருக்கிறார்கள் என்பதை வாங்குமுன் நேரில் போய்ப் பாருங்கள். பழைய காரில் ஏழு வாரம் போனது கம்பெனியின் பெயரால் அல்ல, பாகம் வந்து சேராததால்.

“ஒரு சார்ஜில் 420 கிலோமீட்டர்” என்ற விளம்பரத்தை வைத்து லெனேசியா பயணத்தைக் கணக்கிடாதீர்கள். அந்த எண் ஆய்வகச் சோதனை முறையில் வந்தது. நீங்கள் கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, வான் ரீனன் கணவாய் ஏறி, சுமார் 300 கிலோமீட்டரில் 1,600 மீட்டருக்கு மேலுள்ள ஹாரிஸ்மித்தை அடைகிறீர்கள். ஏற்றமும் நெடுஞ்சாலை வேகமும் சேர்ந்தால் விளம்பர எண் கரைந்துவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு நல்ல பிடி உண்டு: எந்தத் தேவைக்காக வாங்குகிறீர்கள் என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமாகப் பொருந்த வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. விற்பனையாளருக்கு எழுதுங்கள்: “நான் மாதம் ஒருமுறை நான்கு பேருடன் சாட்ஸ்வொர்த்திலிருந்து லெனேசியா போகிறேன், ஹாரிஸ்மித்வரை நிறுத்தாமல் போகுமா?” பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

பிடிக்காவிட்டால் ஐந்து நாளில் திருப்பிவிடலாம் என்று நம்பிக் கையெழுத்திட வேண்டாம். அந்த உரிமை, கடன் கொடுப்பவரின் பதிவுபெற்ற வணிக இடத்துக்கு வெளியே கையெழுத்தான தவணை ஒப்பந்தங்களுக்கும், அவர்களாகத் தொலைபேசியிலோ செய்தியிலோ உங்களைத் தேடிவந்து விற்றதற்கும் உரியது. நீங்களாக ஷோரூமுக்குப் போய் வாங்கியதில் அது கிடைக்குமா என்பது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம். வாதாடுவது என் தொழில், உங்களுக்கு அது செலவு.

மார்ச் 2026 முதல் மின்காருக்கு 150 சதவீத வரிச் சலுகை என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது இந்நாட்டில் மின்வாகனம் தயாரிக்க முதலீடு செய்யும் உற்பத்தியாளர்களுக்கு. வாங்குபவருக்கு அதில் ஒரு ராண்டும் இல்லை. இறக்குமதி வரிகூட மின்காருக்கு 25 சதவீதம். ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18. அந்தக் கணக்கு என்றாவது மாறினால் புதிய காரின் விலை இறங்கும், உங்கள் காரின் மறுவிற்பனை விலையும் சேர்ந்து இறங்கும்.

கணவரிடம் சொல்லியாக வேண்டும்

குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பதாக நினைக்காதீர்கள், இதுவும் சட்டம்தான். கோயிலில் தாலி கட்டி, பிறகு பதிவும் செய்ததாகவும், திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் இருவரின் சொத்தும் கடனும் பொதுவானவை. 1984-ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டத்தின்படி இத்தகைய கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். படிவத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று குறிக்கச் சொல்லி எந்த ஷோரூம்காரராவது யோசனை தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களே, அதுவும் இதே ரகம். தாங்க முடியாத கடனைக் கொடுத்ததாகப் பின்னால் வங்கிமீது குற்றம்சாட்ட உங்களுக்கு இருக்கும் உரிமையை, நீங்கள் மறைத்த அந்த ஒரு வரி பறித்துவிடும்.

என் யோசனை இதுதான். இந்த வாரம் பழுதுக்கான மின்னஞ்சல், வங்கிக்குத் தொகை கேட்டு ஒரு கடிதம், வீட்டில் பேச்சு. பழுது தீர்ந்தால் ஓர் ஆண்டு பொறுங்கள். அதற்குள் கடன் சுமார் 419,000-க்கு இறங்கியிருக்கும். இன்று 385,000 போகும் கார் அப்போது 345,000-க்கே போனாலும் இடைவெளி 74,000தான். உங்கள் 60,000-ஐக் கொஞ்சம் வளர்த்தால் எட்டும் தூரம். விற்பதற்கு மூன்று மாதம் முன்பு வங்கிக்கு அறிவிப்புக் கொடுங்கள். பழுது தீரவே இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்துவிட்டு, தனியாருக்கு உண்மையைச் சொல்லி விற்கும் வழியைப் பாருங்கள்; அப்போதும் பற்றாக்குறைக்குத் தனியாக, குறுகிய காலத்தில் அடைக்கும் கடன் நல்லது, புதிய காரின் முதுகில் ஏற்றாதீர்கள்.

விற்கும் நாளில் இரண்டு வேலைகள் விட்டுப்போகக் கூடாது. உரிமையாளர் மாறிய அறிவிப்புப் படிவத்தை வாகனப் பதிவு அலுவலகத்தில் நீங்களே கொடுத்து முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்தவரின் வேக அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும். காரின் திரையில் உள்ள வீட்டு முகவரி, தொலைபேசித் தொடர்புகள், சார்ஜிங் கணக்கு எல்லாவற்றையும் அழித்து, செயலியிலிருந்தும் காரை நீக்கிவிடுங்கள். செயலி அன்றும் வேலை செய்யாவிட்டால், நீக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.